அயர்லாந்துத் தொன்மக் கதைகளை வைத்து ஃபேண்டஸி நாவல் எழுத: தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

அயர்லாந்தின் பழங்கதைகளை அடித்தளமாக வைத்து ஒரு நீண்ட ஃபேண்டஸி நாவலைத் தமிழில் எழுதி முடிக்க எனக்கு நாலரை வருடம் பிடித்தது. அதில் ஒன்றரை வருடம் வீண். எழுதியதில் 380 பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். எந்தச் சம்பவத்தை எந்த நூலிலிருந்து எடுத்தேன் என்று குறித்து வைக்கவில்லை. ஒரே ஆளுக்கு மூன்று அத்தியாயத்தில் மூன்று விதமாகப் பெயர் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாளையும் ஈட்டியையும் தெய்வப் பெயர்களையும் அள்ளிக்கொண்டு, அந்தக் கதைகளை நகர்த்துகிற விதிகளை விட்டுவிட்டேன். அதனால் என் நாவல் எந்த ஊரிலும் நடந்திருக்கக்கூடிய ஒன்றாக இருந்தது.

நீங்களும் இதே வேலையில் இறங்கப் போகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். நான்காவது படியை நான் கடைசியாகச் செய்தேன். பாதி இழப்பு அதனால்தான் வந்தது.

1. ஒரே ஒரு கதைத்தொகுதியை எடுங்கள்

இந்தக் கதைகளை ஆய்வாளர்கள் நான்கு தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலாவது தெய்வக் குலங்களின் கதைகள். தூஅஹா டே டானன் என்ற கூட்டமும் அவர்களை ஒடுக்கும் ஃபோமோரியரும் இதில் வருகிறார்கள். இரண்டாவது அல்ஸ்டர் தொகுதி. இங்கே அரசன் கொன்ஹோவர், வீரன் கூ ஹுலின், எதிர்ப்பக்கம் கொனக்ட் நாட்டு அரசி மேவ். மூன்றாவது, ஃபின் என்ற தலைவனும் அவனுடைய ஃபியனா படையும் காடு காடாக அலையும் கதைகள். நான்காவது அரசர்களின் கதைகள்.

நான்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் கதை பெரிதாகும் என்று தோன்றும். செய்யாதீர்கள். அல்ஸ்டர் கதைகளில் தேர், மாடு, ஆற்றுத்துறையில் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை. ஃபின் கதைகளில் வேட்டை, காடு, நிலமில்லாத இளைஞர் கூட்டம். இரண்டிலும் வீரம் என்ற சொல்லுக்கே பொருள் வேறு. கூ ஹுலினையும் ஃபின்னையும் ஒரே போர்க்களத்தில் நிறுத்தி 40 பக்கம் எழுதினேன். மரபுப்படி கூ ஹுலின் வாழ்ந்தது கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி. ஃபின் வாழ்ந்தது அதற்கு ஏறக்குறைய 200 வருடம் கழித்து, கோர்மாக் மாக் ஆர்ட் என்ற அரசனின் ஆட்சியில். அயர்லாந்துக் கதைகளை அறிந்த எந்த வாசகரும் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

இரண்டு இனங்களுக்கு இடையில் பெரும்போர் எழுத ஆசையா? முதல் தொகுதியில் மொய்டூரா போர்க்கதையிலிருந்து தொடங்குங்கள். ஒரு தனி வீரனின் எழுச்சியும் அழிவும் என்றால் அல்ஸ்டர். அரசுரிமை, விதி, ஒரு நல்ல ஆட்சி சரிகிற கதை என்றால் நான்காவது தொகுதி. இந்த நான்காவதைப் பலர் சீண்டுவதே இல்லை. நாவல் எழுதுகிறவருக்கு அதுதான் புதையல் என்பது என் கருத்து.

இன்னொரு எச்சரிக்கை. 'கெல்டிக் புராணம்' என்று பொதுப்பெயர் போட்ட தொகுப்புகளில் வேல்ஸ் நாட்டுக் கதைகளும் அயர்லாந்துக் கதைகளும் கலந்து கிடக்கும். இரண்டும் உறவுதான், ஆனால் வேறு மொழி, வேறு ஆட்கள். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் எடுக்காதீர்கள்.

2. மூலங்களும் செலவும்

முதல் ஐந்து மாதம் படிப்பதற்கு மட்டும். சுருக்கங்களிலும் 'தெய்வங்களின் பட்டியல்'களிலும் தொடங்காதீர்கள். அவற்றில் மோரீகன் என்றால் போர்த் தெய்வம், டக்டா என்றால் வளத்தின் தெய்வம் என்று துறை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கதைகளில் அப்படித் துறைகள் கிடையாது. மோரீகன் போருக்கு வருவாள், ஆநிரை பின்னால் வருவாள், காதல் கேட்டும் வருவாள், கடைசியில் வெற்றியையும் உலகின் முடிவையும் ஒரே மூச்சில் அறிவிப்பாள். பட்டியலை நம்பினால் இந்த மனுஷி உங்களுக்குக் கிடைக்கவே மாட்டாள்.

காசு செலவில்லாத மூலங்கள்: லேடி கிரகரி 1902-லும் 1904-லும் வெளியிட்ட இரண்டு மறுகூறல்கள். படிக்க இனிமையாக ஓடும். ஆனால் முரட்டுப் பகுதிகள் பலவற்றை அவர் நீக்கியும் மென்மைப்படுத்தியும் இருக்கிறார். அதனால் அது அறிமுகத்துக்கு மட்டும். அப்புறம் விட்லி ஸ்டோக்ஸ் செய்த மொழிபெயர்ப்புகள். நடை கடினமாக இருந்தாலும் மூலத்துக்கு நெருக்கமானவை. இந்த டப்ளின்காரர் 1862-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையிலும் கல்கத்தாவிலும் சட்டப் பணி பார்த்தபடியே பழைய ஐரிஷ் சுவடிகளை ஆராய்ந்தவர். அவர் பதிப்பித்த பழைய ஐரிஷ் அகராதி ஒன்று 1868-இல் கல்கத்தாவில்தான் அச்சானது. நம் ஊர் வெயிலில் உட்கார்ந்து ஒருவர் இந்தக் கதைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது, மனம் சோர்ந்த நாட்களில் எனக்குத் தெம்பாக இருந்தது.

கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் 'செல்ட்' மின்தொகுப்பில் மூலமும் மொழிபெயர்ப்பும் இலவசமாகப் படிக்கலாம். டப்ளின் உயராய்வு நிறுவனம் சுவடிகளின் படங்களைத் திறந்து வைத்திருக்கிறது. பழைய ஐரிஷ் சொற்களுக்கான பெரிய மின்னகராதியும் இலவசம்.

வாங்க வேண்டியவை: அல்ஸ்டர் தொகுதி என்றால் தாமஸ் கின்செல்லாவின் 1969 மொழிபெயர்ப்பு அல்லது கியரன் கார்சனின் 2007 மொழிபெயர்ப்பு, இரண்டில் ஒன்று போதும். பல கதைகள் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் ஜெஃப்ரி கான்ட்ஸின் 1981 தொகுப்பு. ஃபின் கதைகளுக்கு ஆன் டூலியும் ஹாரி ரோவும் சேர்ந்து 1999-இல் வெளியிட்டது. எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. உங்கள் தொகுதிக்கு உரியதைப் பழைய புத்தகமாகத் தேடினால் செலவு பாதியாகும். தபாலில் வர ஒரு மாதம் வரை ஆகலாம், அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

ஒரே கதைக்குப் பல வடிவங்கள் உண்டு என்பதையும் கவனியுங்கள். கூலி நாட்டு ஆநிரை கவர்ந்த பெருங்கதையில், மேவும் கணவன் அலிலும் படுக்கையில் படுத்தபடி யாருக்குச் சொத்து அதிகம் என்று எண்ணிப் பார்க்கும் புகழ்பெற்ற தொடக்கக் காட்சி, 12-ஆம் நூற்றாண்டின் லெய்ன்ஸ்டர் நூலில் உள்ள வடிவத்தில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வடிவத்தில் இல்லை. கின்செல்லா முந்தைய வடிவத்தைப் பின்பற்றிவிட்டு இந்தக் காட்சியைப் பிந்தையதிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார். உங்கள் நாவலில் அந்தக் காட்சி வரப் போகிறது என்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

உலகம் எப்படிப் படைக்கப்பட்டது என்ற கதை இந்த மரபில் எழுத்தாகக் கிடைக்கவில்லை. எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். லெய்ன்ஸ்டர் நூலில் ஆநிரைக் கதையை எழுதி முடித்தவர், கடைசியில் லத்தீனில், இதில் பலவற்றை நான் நம்பவில்லை, சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர்களின் கற்பனை என்று குறித்து வைத்திருக்கிறார். ஆக, எங்காவது 'அயர்லாந்துப் படைப்புக் கதை' என்று கண்டால் அதைத் தொடாதீர்கள். வேண்டுமென்றால் உங்கள் உலகத்துக்கு நீங்களே ஒன்றைப் படையுங்கள். அது உங்களுடையது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

3. மூலக்குறிப்பேடு

படிக்கத் தொடங்கும் அன்றே ஒரு நோட்டு போடுங்கள், அல்லது கணினியில் ஒரு அட்டவணை. ஐந்து பத்தி போதும்: சம்பவம், எந்தக் கதை, எந்த மொழிபெயர்ப்பின் எந்தப் பக்கம், மூலச்சுவடியின் காலம், நான் இதை என்ன செய்தேன். கடைசிப் பத்தியில் 'அப்படியே', 'மாற்றியது', 'என் கற்பனை' என்ற மூன்றில் ஒன்று.

நாலாவது பத்தி ஏன் என்றால், எல்லாக் கதைகளும் ஒரே வயதுடையவை அல்ல. குதிரையிலிருந்து தவறி விழுந்த கணத்தில் ஃபின்னின் மகன் ஓஷீன் 300 வயதுக் கிழவனாகும் இளமை நாட்டுக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இன்று நாம் அறிந்த வடிவம் 1750-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு பாடலிலிருந்து வருகிறது. லீரின் குழந்தைகள் அன்னங்களாகி 900 வருடம் அலையும் கதையும் பிற்காலத்தது. பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. ஆதி மரபு என்று பின்னட்டையில் போட்டுவிட்டால் சிக்கல்.

தினமும் படித்து முடித்ததும் பத்து நிமிடம். அவ்வளவுதான். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்ததற்காக நான் பின்னால் ஏழு வாரம் செலவழித்து, ஒவ்வொரு அத்தியாயமாகப் பிரித்து மூலம் தேடினேன்.

4. உரிமை: எழுதும் முன்பே பார்க்க வேண்டியது

பழங்கதை யாருக்கும் சொந்தமில்லை. மொழிபெயர்ப்பாளரின் சொற்கள் அவருக்குச் சொந்தம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் உரிமை, எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் 70 வருடம். இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து எண்ண வேண்டும். ஸ்டோக்ஸ் இறந்தது 1909, லேடி கிரகரி 1932. இருவரும் எல்லா இடத்திலும் உரிமை நீங்கியவர்கள். கின்செல்லா இறந்தது 2021. இந்தியாவில் 2081 முடியும் வரை, அயர்லாந்தில் 2091 முடியும் வரை அவர் சொற்கள் காப்பில் இருக்கும். உங்கள் புத்தகம் மின்னூலாக எல்லா நாட்டிலும் விற்கப்படும் என்றால் நீண்ட கணக்கையே பாருங்கள்.

'தமிழில்தானே எழுதுகிறேன், ஆங்கில வரி எப்படி வரும்?' என்று நானும் நினைத்தேன். வரும். ஒரு மொழிபெயர்ப்பை மூன்று முறை படித்தால் அதன் உவமைகளும் வாக்கிய வரிசையும் நம் கைக்கு வந்துவிடும். அவற்றைத் தமிழில் எழுதினாலும் அது மொழிபெயர்ப்புதான், அனுமதி வேண்டும். என் வரைவைப் படித்த பதிப்பகம் ஒரு போர்க்காட்சியைச் சுட்டி, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டது. அப்போது புத்தகம் அச்சுக்குப் போக ஆறு வாரம்தான் இருந்தது.

இதற்கு நான் கண்ட வழி இது. முக்கியமான ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்பில் படியுங்கள், ஒன்றாவது உரிமை நீங்கியதாக இருக்கட்டும். நடந்தது என்ன என்பதை மட்டும் ஐந்து வரியில் குறிப்பேட்டில் எழுதிப் புத்தகத்தை மூடி வையுங்கள். இரண்டு நாள் கழித்து, அந்த ஐந்து வரியை மட்டும் பார்த்துக் காட்சியை எழுதுங்கள். மேற்கோளாக ஒரு வரி வேண்டியே தீரும் என்றால் உரிமையாளருக்கு எழுதுங்கள்: எந்த வரி, எந்தப் பக்கம், உங்கள் புத்தகத்தின் மொழி, எத்தனைப் பிரதி, எந்தெந்த நாடு. எனக்கு முதல் பதில் வர 11 வாரம் ஆனது. வரைவு எழுதத் தொடங்கும் நாளிலேயே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் இலவசமாக எடுத்தாளலாம் என்று பொருளில்லை. மின்தொகுப்பில் உள்ள சில மொழிபெயர்ப்புகள் இன்னும் உரிமைக் காப்பில் இருப்பவை. ஒவ்வொன்றின் முன்குறிப்பையும் படியுங்கள்.

5. பெயர்கள்

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஐரிஷ் எழுத்துக்கூட்டைப் பார்த்து ஆங்கிலம் போல வாசித்தால் எல்லாம் தப்பாகும். 'மெட்ப்' என்று எழுதியிருக்கும் அரசியின் பெயர் மேவ். 'சம்ஹைன்' போலத் தெரியும் திருநாள் சவின். 'சித்' என்று கண்ணில் படுவது ஷீ, அதாவது அந்தப் பழங்குலம் வாழ்கிற மேடு.

தமிழ் படித்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'கடல்' என்பதில் முதலில் வரும் க வன்மையாக ஒலிக்கிறது, 'மகன்' என்பதில் நடுவில் வரும் க மென்மையாகிறது. எழுத்து ஒன்று, இடத்தால் ஒலி மாறுகிறது. பழைய ஐரிஷிலும் இதே போக்குதான். சொல்லின் முதலில் ப என்றோ ம என்றோ ஒலிக்கும் எழுத்து, நடுவிலும் கடைசியிலும் பல இடங்களில் வ ஆகிவிடும். இதை ஒரு முறை பிடித்துக்கொண்டால் பெயர்கள் பயமுறுத்தாது.

ஒரே பெயருக்குப் பழைய ஐரிஷ், இன்றைய ஐரிஷ், ஆங்கிலமாக்கிய வடிவம் என்று மூன்று இருக்கும். ஏதாவது ஒன்றை எடுத்து நாவல் முழுக்க அதையே வையுங்கள். நான் ஆட்களின் பேர்களுக்குப் பழையதையும், இன்று போய்ப் பார்க்கக்கூடிய ஊர்களுக்கு ஆங்கிலமாக்கியதையும் எடுத்தேன். தமிழில் எழுதிய வடிவத்தை வேறொருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடத்தில் எழுத்தை எளிதாக்குங்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு முக்கிய ஆட்கள் ஒரே அத்தியாயத்தில் வேண்டாம்.

6. விதிகளை எடுங்கள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அயர்லாந்துக் கதைகளில் கெஷ் என்று ஒன்று உண்டு. ஒருவர் மீது மட்டும் விழுகிற விலக்கு. இதை நீ செய்யக் கூடாது, செய்தால் உன் அழிவு தொடங்கும். கூ ஹுலின் என்ற பெயருக்கே கூலனின் வேட்டைநாய் என்று பொருள். அதனால் நாய் இறைச்சி அவனுக்கு விலக்கு. அடுப்பு எரியும் இடத்தைக் கடக்கும்போது அங்கே உண்ணாமல் போகக் கூடாது என்பது இன்னொரு விலக்கு. கடைசிப் போருக்குப் போகும் வழியில் மூன்று கிழவிகள் நாய்க்கறி வாட்டிக்கொண்டு, எளியவர்கள் தருவதை நீ ஏற்க மாட்டாயா என்று கேட்கிறார்கள். ஒன்றைக் காத்தால் மற்றது உடையும். அவன் இடது கையால் வாங்கி உண்கிறான். அந்தக் கையின் வலிமை போய்விடுகிறது.

பல ஃபேண்டஸி நாவல்களில் கெஷ் ஒரு சாபம் போல வந்து போகும், வில்லன் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவான். அப்படி எழுதினால் அது வெறும் பலவீனம். மூலத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று கொனிரே மோர் அரசனின் கதையில் பாருங்கள். அவன் அரியணை ஏறும்போது வரிசையாக விலக்குகள் சொல்லப்படுகின்றன. அரசர் குன்றான டாராவை வலமாகவும் ப்ரேகா சமவெளியை இடமாகவும் சுற்றக் கூடாது. ஒன்பதாம் இரவுதோறும் டாராவுக்கு வெளியே தங்கக் கூடாது. சிவப்பன் வீட்டுக்கு மூன்று சிவப்பர்கள் உனக்கு முன்னால் போகக் கூடாது. உன் ஆட்சியில் கொள்ளை நடக்கக் கூடாது. உன் வேலையாட்கள் இருவரின் சண்டையை நீ தீர்த்து வைக்கக் கூடாது. இன்னும் சில.

அவனுடைய ஆட்சி செழிக்கிறது. பிறகு அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரர்கள் கொள்ளையில் இறங்குகிறார்கள். நியாயப்படி எல்லோரும் சாக வேண்டும். மற்றவர்களை அவரவர் தந்தையே கொல்லட்டும், என் சகோதரர்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று தீர்ப்புச் சொல்கிறான். சொன்ன கணமே அது தப்பு என்று அவனுக்குத் தெரிகிறது, மாற்றி எல்லோரையும் கடல் கடத்துகிறான். ஆனால் தீர்ப்பு கோணிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு விலக்காக உடைகிறது. இருவர் சண்டையைத் தீர்க்கப் போகிறான், திரும்பும் வழி தீப்பற்றி எரிகிறது, சுற்றக் கூடாத திசையில் சுற்றுகிறான், முன்னால் மூன்று சிவப்புக் குதிரைவீரர்கள் போகிறார்கள், எவ்வளவு கூப்பிட்டும் நிற்கவில்லை. கடல் கடத்திய அதே சகோதரர்கள் படையோடு திரும்பி வந்து அவன் தங்கிய விடுதியைச் சூழ்கிறார்கள்.

எல்லாம் தொடங்கியது பாசத்தில். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட எழுத்து விதிகள்: கெஷ் அந்த ஆளின் பிறப்பிலோ பெயரிலோ பதவியிலோ இருந்து வர வேண்டும். ஒன்று போதாது, மோதக்கூடிய இரண்டாவது இருக்க வேண்டும். அது உடைவது அவர்களுடைய நல்ல குணத்தாலேயே நடக்க வேண்டும். என் இரண்டாம் வரைவை இந்த மூன்றை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

கெஷ் போல இன்னும் உண்டு. உடலில் ஊனம் வந்தால் அரசன் ஆள முடியாது. தூஅஹா டே டானனின் அரசன் நூஅதா போரில் கை இழந்ததும் அரியணையையும் இழக்கிறான். வெள்ளிக் கை பொருத்திய மருத்துவனின் மகன் மீயஹ், சதைக் கையையே திரும்ப வளர்த்துக் காட்டுகிறான். பொறாமையில் தந்தை மகனைக் கொல்கிறான். புதைத்த இடத்தில் 365 மூலிகைகள் முளைக்கின்றன. மகள் அவற்றைப் பயன்வாரியாகப் பிரித்துத் தன் மேலங்கியில் வைக்கிறாள், தந்தை கலைத்துவிடுகிறான். எது எதற்கு என்ற அறிவு அன்றோடு போனது.

நூஅதாவுக்குப் பதில் வந்த பிரெஸ் கஞ்சன். அவன் வீட்டுக்குப் போனவர்களின் கத்தியில் கொழுப்புப் படவில்லை, வாயில் மது வாடை இல்லை என்று கதை சொல்கிறது. கார்ப்ரே என்ற கவிஞனுக்கு நெருப்பில்லாத இருட்டுக் குடிசையும் மூன்று காய்ந்த ரொட்டியும் தருகிறார்கள். காலையில் அவன் அறம் பாடுகிறான். அயர்லாந்தில் பாடப்பட்ட முதல் வசை அது என்கிறார்கள். அதோடு பிரெஸின் ஆட்சி சரியத் தொடங்குகிறது, அதன் தொடர்ச்சியாகவே இரண்டு இனங்களின் பெரும்போர் வருகிறது. மூன்று ரொட்டியிலிருந்து ஒரு யுத்தம். விருந்தோம்பலையும் கவிஞனின் சொல்லையும் அந்தச் சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்று தெரியாமல் இதை எழுத முடியாது. தலைமைக் கவிஞரின் மானவிலை (அவமதித்தால் தர வேண்டிய ஈடு) ஒரு சிற்றரசனுடையதற்குச் சமம் என்று அவர்களுடைய சட்டநூல்கள் சொல்கின்றன.

மந்திரமும் அப்படித்தான், ஒரு கடன் போல. அல்ஸ்டர் அரசன் கர்ப்பிணியான மஹாவைக் குதிரைகளோடு ஓட வைக்கிறான். அவள் ஓடி வென்று, முடிவிடத்திலேயே இரட்டைப் பிள்ளை பெற்று, ஆபத்துக் காலத்தில் இந்நாட்டு ஆண்கள் பிரசவ வேதனையில் கிடப்பார்கள் என்று சபிக்கிறாள், ஒன்பது தலைமுறைக்கு. அதனால்தான் மேவின் படை வரும்போது 17 வயதுக் கூ ஹுலின் தனியாக நிற்கிறான். யார் செய்த தப்பு, யார் தலையில் விழுகிறது, எத்தனை தலைமுறைக்கு: உங்கள் நாவலின் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இந்த மூன்றையும் எழுதி வையுங்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் ஒரு பொறி உண்டு. ஆநிரை கவர்தல் என்றதும் வெட்சித் திணையின் சொற்கள் தானாக வந்து நிற்கும். நானும் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஈரமான அயர்லாந்துப் புல்வெளியில் பாலை நிலத்து மறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சொல்லை எடுங்கள், நிலத்தை எடுக்காதீர்கள்.

7. இருக்கக் கூடாத பொருள்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருளைக்கிழங்கு வேண்டாம், அது அயர்லாந்துக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஓட்ஸ், பார்லி, பால், வெண்ணெய், பன்றி இறைச்சி, சால்மன், ஹேசல் கொட்டை, தேன் இவை போதும். பாம்பு வேண்டாம், அந்தத் தீவில் கிடையாது. ஓநாயும் காட்டுப்பன்றியும் உண்டு. நாணயம் வேண்டாம். டப்ளினில் வைக்கிங் அரசன் நாணயம் அடித்தது 990-களில்தான். அதற்கு முன் மதிப்பெல்லாம் மாட்டுக் கணக்கில். கோபுரம் வைத்த கற்கோட்டை வேண்டாம், மண்வரப்புச் சூழ்ந்த வட்டக் குடியிருப்பும் ஏரிக்குள் கட்டிய செயற்கைத் தீவு வீடும் உண்டு. ஃபிட்ஹெல் என்ற பலகை ஆட்டத்தைச் சதுரங்கம் என்று எழுதாதீர்கள்.

வெள்ளை அங்கியும் தங்க அரிவாளுமாக வரும் ட்ரூயிட் என்ற பூசாரி உருவம், ரோமானியர் ஒருவர் 'கால்' என்ற நாட்டைப் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பற்றி எழுதியது. மாதத்துக்கு ஒரு மரம் என்ற 'கெல்டிக் மரக் காலண்டர்' 1948-இல் ஓர் ஆங்கிலக் கவிஞர் தன் நூலில் அமைத்தது. சவின் என்பது ஒரு தெய்வத்தின் பெயரல்ல, குளிர்காலம் தொடங்கும் திருநாள்.

8. போய்ப் பார்க்க முடிந்தால்

கட்டாயமில்லை. முடிந்தால் முதல் வரைவு முடிந்த பிறகு போங்கள், அப்போதுதான் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அயர்லாந்து விசா வேண்டும். நான் விண்ணப்பித்தபோது ஒருமுறை நுழைவுக்கு 60 யூரோ, பலமுறைக்கு 100 யூரோ. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், அந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், தங்குமிடப் பதிவு இவற்றோடு, எந்த நாள் எந்த இடம் என்ற பயணத் திட்டத்தையும் எந்த நூலுக்காகப் போகிறேன் என்ற ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்தேன்.

பெரிய பொறி இங்கே இருக்கிறது. அல்ஸ்டர் அரசின் தலைநகரம் எவின் மஹா, ஆர்மா நகருக்குப் பக்கத்தில், அதாவது வட அயர்லாந்தில் இருக்கிறது. அது பிரிட்டன் ஆட்சிப்பகுதி. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது, பேருந்து கடந்தது தெரியாது. ஆனால் பிரிட்டனுக்கு உரிய அனுமதி இல்லாமல் கடப்பது சட்டமீறல். இந்தியர்களுக்கு இரு நாடும் சேர்ந்த பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் உண்டு. விசாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கையில் வாங்கியதுமே பாருங்கள். அயர்லாந்து கொடுத்த விசா என்றால் முதலில் அயர்லாந்தில்தான் இறங்க வேண்டும்.

ஒரே இடம்தான் முடியும் என்றால் ராத்க்ரோஹனுக்குப் போங்கள். ரோஸ்காமன் மாவட்டத்தில், மேவின் தலைநகராகச் சொல்லப்படும் இடம். அங்கே ஓவினகாட் என்ற குகை இருக்கிறது. சவின் இரவில் மறுஉலகம் திறக்கும் வாசல் என்றும் மோரீகனின் வீடு என்றும் கதைகள் சொல்வது அதைத்தான். வாசல் ஒரு புதருக்குக் கீழே, குனிந்து ஊர்ந்து போகும் அளவுக்கே இருக்கிறது. வாசல் மேற்கல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில் 'மேவின் மகன் ஃப்ரேஹுடையது' என்ற பொருளில் வரி வெட்டியிருக்கிறது. உள்ளே சேறு, முழு இருட்டு. இரண்டு நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் மறுஉலகம் பற்றி எழுதியிருந்த அத்தியாயத்தில் ஒளி வரும் இடங்களையெல்லாம் அடித்தேன். குகை தனியார் நிலத்தில் இருக்கிறது. டல்ஸ்க் கிராமத்திலுள்ள பார்வையாளர் மையத்தில் சொல்லி, வழிகாட்டியோடு போங்கள். மாற்று உடையும் முழங்கால் வரை பூட்ஸும் எடுத்துப் போங்கள்.

டாரா குன்றில் நடக்கக் கட்டணம் இல்லை. டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவும் இலவசம், ஞாயிறும் திங்களும் பிற்பகலில்தான் திறக்கும். நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டுக்கு முன்பதிவு வேண்டும்.

9. காலக்கணக்கும் சரிபார்ப்பும்

என் இரண்டாவது முயற்சியின் கணக்கு: படிப்பு ஐந்து மாதம், பெயர்கள் இரண்டு வாரம், விதிகளும் கதைத்திட்டமும் இரண்டு மாதம், வரைவு 14 மாதம், திருத்தம் ஐந்து மாதம், சரிபார்ப்பு மூன்று மாதம். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியது இது.

சரிபார்ப்புக்கு இருவர் வேண்டும். அயர்லாந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத தமிழ் வாசகர் ஒருவர். அவருக்குப் பின்குறிப்பு இல்லாமலே கதை புரிய வேண்டும். அப்புறம் இடைக்கால ஐரிஷ் படித்த ஆய்வாளர் ஒருவர். முழு நாவலையும் படிக்கச் சொல்லாதீர்கள், அவருக்குத் தமிழ் தெரியாது, நேரமும் இருக்காது. குறிப்பேட்டிலிருந்து பத்துக் கேள்விகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பார்த்த மூலத்தையும் பக்கத்தையும் குறித்து, ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். 'கெல்டிக் மந்திரம் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பதில் வராது. மே மாதத் தேர்வுக் காலத்தைத் தவிருங்கள்.

எனக்கு ஒன்பது நாளில் பதில் வந்தது. ஏழு கேள்விக்கு நேராகப் பதில், மற்ற மூன்றுக்கு எந்தக் கதையைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று மட்டும் குறிப்பு. அந்த மூன்றில் ஒன்று கொனிரேயின் கதை. அதை நான்காவது முறையாகப் படித்தபோதுதான் என் கடைசி அத்தியாயத்தில் அரசி யாருக்காகத் தீர்ப்பை மாற்றுவாள் என்று எனக்குத் தெரிந்தது.